அப்பாவின் கையும் தூங்கி எழுந்த கம்ப்யூட்டரும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் வலது கையை மட்டும் இதில் சேர்க்கவில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குழந்தைக்கு இருமல் நின்றதா என்று எழுது. போனில் பேசினால் ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், சொல்ல வந்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். டிவிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. அதைச் சரிசெய்தாகிவிட்டது, சரிசெய்தது உன் அம்மாதான்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகப்போகிறது. பிசியோதெரபி அம்மா ஒரு வீடியோ கொடுத்து, காலையும் மாலையும் அதைப் பார்த்துக் கையைத் தூக்கி இறக்க வேண்டும், விரலை விரித்து மடக்க வேண்டும், இந்த மாதங்களில் சோம்பினால் விரல் இறுகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னது உனக்கே தெரியும். முதலில் ஒழுங்காகத்தான் செய்தார். பிறகு ஒரு நாள் கை வலிக்கிறது என்றார், மறுநாள் தூக்கம் வருகிறது என்றார், அதற்கப்புறம் டிவி பக்கமே திரும்பவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் கடையில் கண்ணாடி வெட்டிய மனிதர், கோட்டின் நடுவில் கையை நிறுத்தினால் கண்ணாடி வீணாகிவிடும் என்று வேலைக்கு வருபவர்களுக்கெல்லாம் சொன்னவர், இப்படிப் பாதியில் விட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்மேல் கோபப்பட்டது தப்பு என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

என் தவறு என்னவென்றால், அவர் பயிற்சி செய்யும் நேரத்தில் நான் எப்போதும் சமையலறையில்தான் இருப்பேன். அங்கிருந்து வீடியோவின் குரல் மட்டும் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கணீரென்று எண்ணிக்கொண்டே போகும், ஒரு குறையும் இல்லை. ஒரு காலையில் வற்புறுத்தி உட்காரவைத்துவிட்டு, எழுந்து ஓடிவிடுவாரோ என்று பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் திரையைப் பார்த்தேன். குரல் பத்து என்கிறது, படத்தில் பயிற்சி செய்து காட்டும் பெண்ணின் கை ஏழில் நின்று திக்கித் திக்கி ஏறுகிறது, நடுவில் ஒரு தாவு தாவுகிறது. என்னங்க இது, படம் இப்படி இழுக்கிறதே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உனக்கும் அப்படித்தான் தெரிகிறதா என்று கேட்டார். அவ்வளவு நாளும் படம் சரியாக ஓடுகிறது, தன் மூளைதான் விட்டுவிட்டுப் பார்க்கிறது, கையோடு கண்ணும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார், கண்ணு. அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் உள்ளேயே வைத்திருக்கிறார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இந்தப் பெட்டியை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தது அப்போதுதான்.

நம் தெருமுனை கம்ப்யூட்டர் கடைக்காரர், எதைக் கேட்டாலும் ரெண்டு நிமிஷம் என்பாரே, அவரைக் கூப்பிட்டேன். அவருடைய ரெண்டு நிமிஷம் இரண்டு நாள் கழித்து வந்தது. பழைய பெட்டி, மாற்றிவிடுங்கள் என்றார். உன் அத்தையும் தூக்கிப் போடு என்றாள், நீயும் அதையேதான் சொன்னாய். எல்லோருக்கும் தூக்கிப் போடுவதற்கு என்ன வேகம். இருபத்தெட்டு வருஷம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள் நான், காரணம் தெரியாமல் எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுத வேண்டும், அவ்வளவுதான். அப்பாவின் பிரஷர் எழுதும் நோட்டிலேயே எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் தூசி துடைத்தேன், பலனில்லை. அடுத்த நாள் டிவிக்குப் போகும் வயரை மாற்றினேன், அதுவும் இல்லை. இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் வீடியோவையே ஓடவிட்டேன், அப்போதும் இழுத்தது. நாலாவது நாள் மின்சாரம் போய்விட்டு வந்தது, பெட்டி தானாக முதலிலிருந்து கிளம்பியது, படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சரியாகிவிட்டது என்று துள்ளினேன், மறுநாள் காலை பழைய குருடி.

அப்போதுதான் உன் தாள் கண்ணில் பட்டது. ஊருக்குப் போகும்போது டிவிக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போனாயே, அம்மா, நிலா போட்ட பொத்தானை மட்டும் அழுத்து, வேறு எதையும் தொடாதே என்று. லேபில் சுவரில் ஒட்டியதை மீறி நான் ஒரு நாளும் கைவைத்ததில்லை, உன் தாளையும் இரண்டு வருஷம் அப்படியே கடைப்பிடித்தேன். நீ போனில் தினமும் அணைக்கிறாயா என்று கேட்டபோது ஆமாம் என்றதும் அதை நினைத்துத்தான். ஆனால் கடைக்காரரிடம் போனில் கேட்டால், அந்தப் பொத்தான் பெட்டியை அணைக்காதாம். செய்துகொண்டிருந்ததை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு உறங்கிவிடுமாம், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடங்குமாம், ஹைபர்னேட் என்று அதற்குப் பெயராம். உறங்கவைத்து ஆறு முறை, முழுதாக அணைத்து ஆறு முறை ஓட்டிப் பார்த்தேன். உறங்கி எழுந்த ஆறும் இழுத்தது, அணைத்து எழுந்த ஆறும் ஓடியது. நோட்டோடு கடைக்கே போய் நின்றேன், அந்த ரெண்டு நிமிஷக்காரருக்கு முகம் மாறிவிட்டது. உடனே கூடவே வந்தார்.

வந்து பார்த்துத்தான் சொன்னார், படத்தைத் திரைக்கு அனுப்ப ஒரு அட்டை இருக்கிறதாம், அதை ஓட்டும் மென்பொருளுக்குக் கிராபிக்ஸ் டிரைவர் என்று பெயராம். பெட்டி உறங்கி எழுந்தால் அந்த அட்டை மட்டும் பாதித் தூக்கத்திலேயே, மிகக் குறைந்த வேகத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த டிரைவர் எப்போது மாறியது என்று பார்க்கச் சொன்னேன். ஒரு பன்னிரண்டாம் தேதி தானாகவே புதிது ஏறியிருக்கிறது. என் நோட்டைப் புரட்டினேன், பதினான்காம் தேதியில் பிரஷருக்குப் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பயிற்சி செய்யவில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார் என்று. பழைய டிரைவரையே திரும்பப் போட்டு, தானாக மாறாதபடி நிறுத்தச் சொன்னேன். மூன்று முறை உறங்கவைத்து எழுப்பினேன், மூன்று முறையும் ஒழுங்காக ஓடியது. இருந்தாலும் இனி முழுதாக அணைப்பது என்று வைத்துக்கொண்டேன். உன் தாளைக் கிழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நேற்றுக் காலை அப்பாவை உட்காரவைத்தேன். நான் துணி மடிக்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். படம் குரலோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, கையும் கூடவே ஓடிவிடும் என்று. பைத்தியக்காரி. அந்தப் பெண் பத்தை முடித்தபோது அவர் கை ஆறில்தான் இருந்தது. மூன்று வாரம் போனது போனதுதான். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை, திரையைப் பார்த்தபடியே சொன்னார், "பொட்டி சரியாயிடுச்சு இல்ல? இனிமே லேட்டா வர்றது என் கை ஒண்ணுதான். அதை நான் பாத்துக்கறேன், நீ முதல்லேர்ந்து போடு." போட்டேன். ஐந்து முறை போட்டேன், ஆறாவது தடவை நான்தான் போதும் என்றேன், அவர் சொல்லவில்லை.

ஆகவே புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் நிறுத்திவிடு. இரவில் கண் விழித்து வேலை பார்க்காதே, முதுகு வலிக்குத் தலையணை வைத்து உட்கார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பாவிடம் கை எப்படி இருக்கிறது என்று இரக்கமாகக் கேட்காதே, எத்தனை வரை வந்தது என்று கேள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார் என்று எழுதப் போனேன், வேண்டாம், அதைத் தானே அந்த வலது கையால் எழுதுவதாகச் சொல்லிவிட்டார். எப்போது என்று நான் கேட்கவில்லை, கீழே இடம் விட்டிருக்கிறேன், இந்தத் தாளை இப்போது அனுப்பப் போவதில்லை, அவர் எழுதி முடித்த அன்றைக்குத்தான் தபாலில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

நல்லா இரு. அப்பா