அம்மா ஓட்டினால் மைலேஜ் குறையுமா?

கோவில்பட்டி
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கோகுலகிருஷ்ணனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம் காரும் நல்ல சுகம். மஸ்கட்டில் நீயும் சுதாராணியும் பாப்பாவும் சுகமாக இருக்கச் செண்பகவல்லி அம்மன் துணை நிற்பாள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் பாதியில் உன் அப்பா வாங்கிக்கொள்கிறார், பிறகு எனக்குப் போன் திரும்பி வருவதில்லை. பக்கத்துத் தெரு முத்துசெல்வம் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் கடலைமிட்டாய்ப் பெட்டி கொடுத்துவிடுகிறேன், இது அதற்குள்ளே இருக்கும். முதலில் இதைப் படி, பிறகு மிட்டாயைத் தின்னு.

வைகாசியில் நீ வரும்போது வண்டியை விற்றுவிடலாம் என்றும், உன் வேணுகோபால் சித்தப்பாவே வாங்கிக்கொள்ளட்டும் என்றும் அப்பாவிடம் சொன்னாயாம். காரணம் மைலேஜ். அம்மா ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் இப்படிப் பெட்ரோல் குடிக்கிறது என்று அவர் சொல்ல, அம்மா ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று நீயும் சிரித்தாயாம். அப்பா சொல்வதை நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவேன். நீ சிரித்ததுதான் எனக்கு வலித்தது. வண்டி உன் பேரில் இருக்கிறது, உன்னைக் கேட்காமல் விற்க முடியாது, அதனால் நடந்ததை உனக்கு எழுதுகிறேன். அந்த வண்டி போனால் நானும் சீனித்தாயும் மற்ற நாலு பேரும் குழுவாகச் சேர்ந்து போடுகிற கடலைமிட்டாய் கோவில்பட்டியைத் தாண்டாது. முன்பு டவுன் பஸ்ஸில் பெட்டியை ஏற்றினால் கண்டக்டர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். இப்போது எட்டயபுரம், விளாத்திகுளம், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசல் கடை வரைக்கும் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

வாங்கிய புதிதில் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் என்று கம்பெனிக்காரன் சொன்னதை நம்பி அப்பா தெருவெல்லாம் பெருமை அடித்தார். பதினாறுதான் வந்தது. ஷோரூம் பையனைக் கேட்டேன். அறைக்குள் உருளை மேல் வண்டியை ஏற்றி ஓட்டி அளப்பார்களாம். அங்கே காற்று இல்லை, மேடு பள்ளம் இல்லை, கடலைமிட்டாய்ப் பெட்டி இல்லை, உன் அப்பாவும் இல்லை, பிறகு ஏன் இருபது வராது? ஆடி மாதம் கயத்தாறுப் பக்கம் போகும்போது எதிர்காற்றில் அது இன்னும் குறைந்தது. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டமான அந்தக் காற்றைத்தான் அப்போது அப்பா குற்றம் சொன்னார். அவர் ஓட்டும்போது குறைந்தால் காற்று, நான் ஓட்டும்போது குறைந்தால் என் கால்.

தீபாவளி கழிந்து நான் லைசென்ஸ் வாங்கி, கடை கடையாகப் பெட்டி போட லைனுக்குப் போக ஆரம்பித்தேன். சொல்லிவைத்த மாதிரி அந்த மாதமே மைலேஜ் பன்னிரண்டுக்கு இறங்கியது. அவ்வளவுதான், வீட்டில் தினம் பாட்டு. ஏட்டி, ஆக்சிலேட்டர மிதிச்சே கொல்லுத, ஒனக்கு கார் எதுக்கு என்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியை விடவே மாட்டார், இல்லாத பிரேக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே வருவார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் சரியாக ஓட்டவில்லையோ என்று. கோடை மாதிரி வெயில் அடித்த நாளில்கூட ஏசி போடாமல் வேர்த்து ஒழுக ஓட்டிப் பார்த்தேன். மைலேஜ் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை.

போன மாதம் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரி இருந்தது. பஞ்சர் கடையில் நிறுத்தினேன். காற்றுப் பிடிக்கிற பையன் அளந்துவிட்டு நாலு டயரிலும் காற்று ரொம்பக் குறைவு என்றான். நீதானே போன வாரம் பிடித்தாய் என்று சத்தம் போட்டேன். அவன் பாவம், அக்கா, அண்ணாச்சிதான் இதுக்கு மேல காத்து ஏத்தாதன்னு சொல்லிட்டுப் போனாவ என்றான். அவன் சொன்ன அண்ணாச்சி உன் அப்பாதான், எனக்கு அங்கேயே சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. விஷயம் என்ன என்றால், கார்த்திகை மழையில் புதூர்ப் பக்கம் நம் உளுந்துக்காட்டுக்கு அப்பா வண்டியைக் கொண்டுபோய்க் கரிசலில் பதித்துவிட்டார். டிராக்டர் ஓட்டுகிற காளிராஜ், அண்ணாச்சி, காத்த கொஞ்சம் எறக்கிவிடுங்க, டயரு அகலமாவும், ஏறிரும் என்றிருக்கிறான். இறக்கினார், வண்டியும் ஏறிவிட்டது. அந்தச் சேற்றுக்கு அது சரிதான். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டுமா இல்லையா? இவர் அதையே விரதமாக எடுத்துக்கொண்டு, மழை நின்று பொங்கல் முடிந்த பிறகும் காற்றை ஏற்றவிடவில்லை. அந்தத் தளர்ந்த டயரோடுதான் நான் மூன்று மாதம் ஊர் ஊராகப் பெட்டி போட்டிருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. சர்வீஸ் கடை பெருமாள்சாமி அண்ணாச்சியிடம் விட்டேன். வண்டியைத் தூக்கிவைத்து அடியில் தண்ணீர் பீய்ச்சினால் சக்கரத்துக்கு உள்பக்கமெல்லாம் கரிசல் மண் அப்பிக் காய்ந்து சிமெண்டு மாதிரி இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றில் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே சுற்றியிருக்கிறது. கட்டி கட்டியாக மண் விழுந்ததைப் பார்த்தால் நம் காட்டில் பாதி அங்கேதான் இருந்தது. ஒன்று மட்டும் என் பங்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி வைக்க மேலே நான் போடச் சொன்ன கேரியர் காற்றைத் தடுத்து இழுக்குமாம். அதை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டேன், இப்போது பின்சீட்டை மடக்கிப் பெட்டியை உள்ளே அடுக்குகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்கிற ஆளா? அப்ப கரிசல்ல வண்டி பதிஞ்சா ஒன் மவனா மஸ்கட்லருந்து வந்து தள்ளுவான் என்று என்னைக் கேட்டார். சரி, வாதம் வேண்டாம், ஒரு வாரம் நீங்கள் ஓட்டுங்கள், ஒரு வாரம் நான் ஓட்டுகிறேன், அதே ரோடு, அதே பெட்டி, ஒரே பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பிப் பார்ப்போம் என்றேன். எனக்குப் பதினைந்தரை வந்தது. அவருக்குப் பதினைந்து. அரையை நான் பெரிதாகப் பேசவில்லை, தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் அவர் இன்ஜினை நிறுத்தாமல் ஏசியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் அரை என்ன ஒன்றேகூடக் குறையும். பெட்ரோல் போடுகிற பங்க் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போய்விட்டார்.

நேற்று விளாத்திகுளத்துக்கு அவரும் உடன் வந்தார், உரக்கடையில் வேலை இருந்தது. பெட்டியெல்லாம் இறக்கி, சாப்பிட்டுவிட்டு, மத்தியான வெயிலில் திரும்பினோம். எட்டயபுரம் தாண்டியதும் பக்கத்தில் சத்தத்தையே காணோம். திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி நல்ல உறக்கம். கை பிடியை விட்டு மடிக்கு வந்திருந்தது. கோகுலு, நான் ஓட்டுகிற வண்டியில் உன் அப்பா தூங்கியது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். அவர் விழித்துவிடக் கூடாதே என்று ஓட்டினேன். முன்னால் போன வைக்கோல் லாரியை முந்தவில்லை. வேகத்தடையைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிட்டேன், பிரேக் போட்டால் தலை ஆடி எழுந்துவிடுவாரே. ஒரே சீராக வீடு வரைக்கும் வந்து நிறுத்தினேன். அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன், பதினெட்டு என்று காட்டியது. அந்த மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், இருந்தாலும் இவ்வளவு நாளில் யார் ஓட்டியும் அது பதினெட்டு காட்டியதில்லை. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வந்தாச்சா என்றார். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கி உள்ளே போனார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவராகவே உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, தம்பி, வண்டி விக்கிறதுக்கு இல்ல, வேற பாத்துக்கோ என்று சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

இனி நீதான் மிச்சம். மைலேஜ் சரியாகிவிட்டது, அதனால் விற்காதே என்று நான் எழுதவில்லை. நாளைக்கே அது பத்துக்கு இறங்கினாலும் எனக்கு அந்த வண்டி வேண்டும். எத்தனையோ வருஷம் அப்பா ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன், அது லிட்டருக்கு என்ன கொடுத்தது என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நான் ஓட்ட உட்கார்ந்த பிறகுதான் மைலேஜ் என்ற சொல்லே நம் வீட்டுக்குள் வந்தது.

அங்கே வெயில் அதிகம், உன் வண்டி டயரிலும் மாதம் ஒரு தடவை காலையில், சூடாகும் முன்னால் காற்றுப் பார். டிக்கியில் பழைய சாமான் அடைத்து வைக்காதே. சுதாராணியும் ஓட்டப் பழக வேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். அவளிடம் சாவியைக் கொடு, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு வா. பாப்பாவுக்கு மிட்டாயை உடைத்துச் சின்னதாகக் கொடுக்கவும். மூவரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் வேலையில் மேலே மேலே வர வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மறக்காதே. வைகாசியில் மதுரை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் எதுவும் சொல்லிவைக்காதே, நானே வண்டியோடு வருவேன். இரவெல்லாம் விழித்து வந்திருப்பாய், வழியில் நீயும் தூங்கு, வீடு வரும் வரைக்கும் நான் எழுப்ப மாட்டேன்.

உன் நலம் ஒன்றையே நினைத்திருக்கும்
அம்மா
சா. பேபி