பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாதவர்

ஐப்பசி 12, திங்கள்

காலையில் பனி. கரிப்புகை வேறு. துணி காயவில்லை. உளுந்து ஊறப்போட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

டாக்டர் பாபு வந்தார். இவர் நெஞ்சில் மறுபடி ஊசி குத்தி நீர் எடுத்தார். ஒரு செம்பு, சிவப்பாக. வாசலில் நின்று என் கொழுந்தன் ராமுவிடம் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். ராமு எனக்குச் சொன்னது கொஞ்சம்தான்.

"க்ஷயம் இல்லையாம் மன்னி. நெஞ்சிலே புத்துநோயாம். அது தலைக்கு ஏறிடுத்தாம். அதான் தலைவலி, வாந்தி எல்லாம்."

"எத்தனை நாள்?"

"கார்த்திகை தாண்டறது கஷ்டமாம்."

போய் அடுப்பை மூட்டினேன். வேறென்ன செய்வது.

ஐப்பசி 13, செவ்வாய்

வாந்தி மூன்று தரம். வலது கை தூக்க வரவில்லை. வார்த்தைகள் இடம் மாறுகின்றன. கஞ்சி கொடுத்தால், "ட்ராம் சுடறதுடி" என்கிறார்.

"ஊதிட்டு ஏறுங்கோ" என்றேன்.

சிரித்தார். ஒரு பக்கத்து வாய் மட்டும். ராமு என்னை முறைத்தான். இருபத்தாறு வருஷமாக இவரைக் கேலி செய்துதான் குடித்தனம். இப்போது நிறுத்தினால் இவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு வங்காளி தீதி பப்பாளி கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வரவில்லை. பப்பாளி நல்ல இனிப்பு.

ஐப்பசி 15, வியாழன்

நேற்று எழுதவில்லை. மத்தியானம் கை கால் வெட்டி இழுத்தது. அதோடு கண்ணை மூடினவர்தான். மூச்சு இருக்கிறது.

இன்று டாக்டர் வந்து கண்ணில் விளக்கைக் காட்டிப் பார்த்தார். உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வீட்டுக் குரலுக்கு அசைந்தால் இன்னும் சில நாள். இல்லாவிட்டால் ஊருக்குத் தந்தி கொடுத்துவிட வேண்டியதுதான்.

"அண்ணா! அண்ணா!" என்றான் ராமு. அசைவில்லை.

அண்ணா வேண்டாம், பேர், பேர் என்று டாக்டர் வங்காளியில் அதட்டினார். அது எனக்கே புரிந்தது. பிறகு காகிதத்தைப் பார்த்துத் தாமே கூப்பிட்டார். அவர் நாக்கில் அது வேறு யாரோ ஒரு வங்காளி.

ராமு தம்பி, அவன் சொல்ல மாட்டான். ஆபீசில் ஐயர் பாபு. இந்தக் கல்கத்தா முழுக்கத் தேடினாலும் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

ராமு என்னைப் பார்த்தான். "மன்னி, நீங்க வேணா..."

"போடா. பொண்டாட்டி பேர் சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது, எந்த ஆயுசு என்று.

நாளை பத்து மணிக்கு வருகிறேன், அதற்குள் பாருங்கள் என்று டாக்டர் போய்விட்டார்.

ஐப்பசி 16, வெள்ளி

பால்காரன் வரவில்லை. நல்லெண்ணெய் தீர்ந்தது. இவருக்குத் துடைத்து வேஷ்டி மாற்றினேன்.

ஒன்பதரைக்கு ராமுவை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். காதருகே குனிந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு! தெருவையே வாயால் மேய்க்கிறவளுக்கு.

சொன்னேன். ஒன்றுமில்லை. இன்னொரு தரம், தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். இங்கே எழுத மாட்டேன்.

புருவம் அசைந்தது. கண் திறக்கவில்லை.

"என்னம்மா" என்றார்.

என் மாமியார் போய்ப் பத்து வருஷம். இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணுமில்லேடா, தூங்கு" என்றேன்.