உழாத மேல்தட்டு

பெய்த் ஜாலா
14 அக்டோபர் 2016

அன்புத் தம்பி மித்ரிக்கு,

சாந்தியாகோவில் நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். ஆத்திரத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. நம் நிலத்துக்கு வந்த உத்தரவு.
2. உன் அக்கா வதாத்தின் பிடிவாதம் நமக்குச் செய்த கேடு.
3. உன்னிடம் நான் கேட்பது.

முதலாவது. போன மாதம் பள்ளத்தாக்குச் சரிவில் தட்டுத் தட்டாகக் கிடக்கும் நம் நிலத்தில், ஒரு கல்லுக்கு அடியில் காகிதத்தைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டிக் கொடுக்கவில்லை. கல்லுக்கு அடியில்! பல வருடம் உழாத நிலமாம், அதனால் அரசு நிலமாம். ஆட்சேபிக்க நாற்பத்தைந்து நாள். துருக்கியன் போய் நூறு வருடம் ஆகப்போகிறது. உழாத நிலம் அரசுக்கு என்ற அவன் சட்டத்தை மட்டும் இஸ்ரேல்காரர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

என் அலமாரியில் காத்துவைத்த தாத்தாவின் துருக்கிப் பத்திரம், ஆங்கிலேயர் காலத்து ரசீது, ஜோர்டான் காலத்து வரைபடம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி நம் அரபியிலேயே, "வாத்தியாரே, காகிதமெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. மண்ணு என்ன சொல்லுதுன்னு பாப்போமா?" என்று வானிலிருந்து எடுத்த படத்தை என் பக்கம் திருப்பினான். மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் நன்றி சொன்னேன். மித்ரி, நன்றி சொன்னேன்!

இரண்டாவது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், மறு உத்தரவு வரும்வரை யாரும் நிலத்தில் இறங்கக்கூடாது என்று சிப்பாய்கள் சொன்னது உனக்குத் தெரியும். நான் கீழ்ப்படிந்தேன். உன் பங்கும் என் பங்குமான மேல்தட்டை அப்படியே விட்டேன். வதாத் மட்டும் கழுதையைப் பூட்டித் தன் பங்கான கீழ்த்தட்டை உழுதாள். விரட்டினார்கள், மறு வாரமே இறங்கினாள். "உன்னாலதான் நம்ம குடும்பத்து மேல அவங்க கண்ணு விழுது" என்று மாதா கோயில் வாசலில் திட்டினேன். அவள் எல்லோர் காதிலும் விழும்படி, "அண்ணே, நீ உன் அலமாரியை உழு, நான் மண்ணை உழுதுக்கிறேன்" என்றாள். ஒரு வருடம் அவளோடு பேசவில்லை.

அந்தப் படத்தில் கீழ்த்தட்டு முழுக்க உழுத கோடுகள். மேல்தட்டில் முள். அரசு நிலம் என்று அதிகாரி போட்ட சிவப்புக் கோடு வதாத்தின் பங்கைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது.

மூன்றாவது. ஆட்சேபிக்க இன்னும் பத்தொன்பது நாள்தான். நீ ஊரில் இல்லாதவன் என்று உன் பங்கைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் வக்கீல். வெறும் கையெழுத்தை மட்டும் அனுப்பாதே. நேரில் வா. நேற்று வதாத் மேல்தட்டில் முள் வெட்ட இறங்கினாள், எழுபத்திரண்டு வயதில். நானும் இறங்கினேன். அரை மணியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் கேலி செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். இரண்டாவது என்று மேலே போட்டது தவறு. கேடு செய்தவள் வதாத் அல்ல. உன் பங்கையும் சேர்த்துத் தரிசாகப் போட்டவன் நான். அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். நீ பார்க்க வேண்டும். கடவுள் உன்னை வழியில் காக்கட்டும். என்னைத் திட்டவாவது வா.

உன் அண்ணன்,
ஜிரியெஸ்