பாவசங்கீர்த்தன ரகசியத்தை விற்கும் தொடர் குறித்தும், என் தம்பியின் உயிர் குறித்தும்

அனுப்புநர்:
பங்குச் சாமியாரின் அக்காள்,
சாமியார் வீடு,
கோயில் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் முறையீட்டு அலுவலகம்.

பொருள்: மாலை ஏழு மணித் தொடரில் கத்தோலிக்கச் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் காவல்துறையிடம் சொல்வதாகக் காட்டியது – அதனால் எங்கள் சாமியாருக்கு வந்துள்ள மிரட்டல் – திங்கட்கிழமைக்குள் நடவடிக்கை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மேற்படி முகவரியில் என் தம்பியுடன் வசிக்கிறேன். அவர் இந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார். என் கணவர் காலமான பிறகு, அவருக்குச் சமைத்துப் போடவும் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லவும் வந்தவள், இங்கேயே தங்கிவிட்டேன். இம்மனுவை நியாயப்படி அவர்தான் எழுதியிருக்க வேண்டும். அவரால் ஏன் எழுத முடியாது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

1. மேற்படி தொடரை நான் முதல் நாளிலிருந்தே பார்த்து வருகிறேன் என்பதை மறைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார எனக்கும் ஒரு சாக்கு வேண்டுமல்லவா. மூத்த மருமகள் அழுதபோது நானும் அழுதிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அதில் ஒரு சாமியார் வந்தார். அவர் அங்கியின் நுனி திரையில் தெரிந்ததுமே பின்னால் ஓர் உறுமல் இசை போட்டார்கள். அன்றிலிருந்து சிலுவையைக் காட்டினாலும் உறுமல், மெழுகுவர்த்தியைக் காட்டினாலும் உறுமல். அவர் பூசைக்கான திராட்சை இரசத்தைச் சோடா குடிப்பதுபோல் பாட்டிலோடு கவிழ்த்துக்கொள்கிறார். கன்னியாஸ்திரி ஒருவர் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு பாலில் எதையோ கலக்கிறார். இதே நிறுவனத்தின் இதற்கு முந்தைய தொடரில் சாமியார் கள்ளக்கடத்தல் செய்தார். அதற்கும் முந்தையதில் கல்யாணப் பூசையில் தூங்கி விழுந்தார். தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு சாமியாரை நான் இன்றுவரை தொலைக்காட்சியில் பார்த்ததில்லை.

2. எங்கள் சாமியார்களில் கெட்டவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள். அவர்களால் வாழ்க்கை கெட்டவர்களும் இருக்கிறார்கள். அதைத் தாராளமாகக் காட்டட்டும், நானே உட்கார்ந்து பார்ப்பேன். நடந்ததைக் காட்டுவது வேறு, எங்களைக் கண்டாலே இளக்காரம் என்பது வேறு. ஆனால் இளக்காரத்துக்காக மட்டும் என்றால் தங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன், தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படுத்திருப்பேன்.

3. சென்ற மாதம் வந்த ஒரு காட்சியில், கொலை செய்த ஒருவன் தொடர் சாமியாரிடம் வந்து, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். அவன் அழுதுகொண்டு எழுந்து போகிறான். சாமியார், பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காரும் மரக்கூண்டான தொட்டியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அங்கிக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்துக் காவல் அதிகாரியிடம் பெயர், முகவரி எல்லாம் சொல்கிறார். பிறகு சிரிக்கிறார். ஐயா, தாங்கள் எங்கள் சமயத்தவர் அல்லர் என்றால் தங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டியில் கேட்டதை ஒரு சாமியார் யாரிடமும் சொல்லக் கூடாது. தன் மேலதிகாரியான ஆயரிடம் கூடாது, நீதிமன்றத்தில் கூடாது, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவும் கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை. கதை எழுதியவருக்கு இது தெரியாது போலும். இந்த ஊரில் தொடர் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் இனி தெரியாது.

4. முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. மீன் விற்கும் அம்மாள் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும், “சாமி, நான் சொன்னதெல்லாம் உங்க வயித்தோட இருக்கட்டும், எங்க வீட்டுக்காரர் காதுக்குப் போயிடப்போவுது” என்றார். தம்பியும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் பாதிப் பேர் இல்லை. திங்கட்கிழமை காலை, கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்பிள்ளை வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கக் கதவின் பூட்டு உடைந்திருந்தது. உண்டியலை யாரும் தொடவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில், சாமியார் உட்காரும் பக்கத்துத் திரையை மட்டும் குறுக்கே அறுத்திருந்தார்கள். நான் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அறுபட்ட இடம் என் நெற்றிக்கு நேராக வந்தது. தம்பி என்னைவிட உயரம். அவருக்கு அது கழுத்து.

5. அதன்பின் தொலைபேசி வரத் தொடங்கியது. பிற்பகலில், தம்பி நோயாளிகளைப் பார்க்கப் போகும் நேரமாகப் பார்த்து வரும். ஆண் குரல், வாயில் துணி வைத்துப் பேசுவதுபோல் இருக்கும். “உங்க தம்பி டிவி பாக்குறாரா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். சென்ற செவ்வாயன்று, “வாயத் தொறந்த சாமிக்கு என்ன ஆவுதுன்னு அடுத்த வாரம் காட்டுறாங்க, மறக்காம பாக்கச் சொல்லுங்க” என்றார். முதல் நாளே காட்டத் தொடங்கிய முன்னோட்டத்தை, வரும் திங்கட்கிழமைக் காட்சி என்று அன்று மாலையும் போட்டார்கள். கோயிலுக்குப் பின்புறம் ஒருவன் கத்தியோடு காத்திருக்கிறான், சாமியார் தனியாக நடந்து வருகிறார். எங்கள் கோயிலுக்கும் பின்புறம் உண்டு. தம்பி தினமும் அந்த வழியாகத்தான் நடந்து வருகிறார். அன்றைக்கு நான் தொலைக்காட்சியின் இணைப்பையே பிடுங்கிப் போட்டேன், இன்னும் அதை மறுபடி சொருகவில்லை.

6. காவல் நிலையத்தில் சொன்னோம். ஆய்வாளர் வந்தார், திரையைப் பார்த்தார். இந்த ஊரில் சென்ற ஆண்டு கிடங்குக் காவலாளி ஒருவர் கொலையுண்டார், ஆள் இன்னும் அகப்படவில்லை. ஆய்வாளர் அதைப் பிடித்துக்கொண்டு, அது சம்பந்தமாக யாராவது பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்களா என்று தம்பியைக் கேட்டார். தம்பி, “எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லீங்க” என்றார். ஆய்வாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “டிவில அந்த ஃபாதர் ஒரே போன்ல முடிச்சிட்டாரு, நீங்க ஏன் சார் இப்படி அடம் பிடிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். சட்டம் படித்த அதிகாரியே தொடரைப் பார்த்து எங்கள் விதியைக் கற்றிருக்கிறார் என்றால், மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

7. ஐயா, என் பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. காவலாளியைக் கொன்றவர் எங்கள் கோயிலுக்கு வந்து அழுதிருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். வந்திருந்தால், தொடரைப் பார்த்துவிட்டு, இந்தச் சாமியாரும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று நினைத்திருப்பார். வந்தார் என்றோ வரவில்லை என்றோ தம்பி சொல்ல முடியாது. தலையை ஆட்டக்கூட முடியாது, இப்படி ஒரு மனு எழுதவும் முடியாது. யார் என்று தெரிந்திருந்தாலும், அந்த ஆளிடம் வழக்கத்தைவிட ஒரு முடி அளவு மாறி நடக்க முடியாது. கேட்டதை வைத்து ஒருவரைக் கண்டு விலகினால், அதுவும் சொன்னதாகவே ஆகும். பின்வழியில் வராதே என்றேன், கேட்கவில்லை. கதவைத் தாழிடு என்றேன், கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டின்போது வாயைப் பிடுங்கப் பார்த்தேன். “அக்கா, உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

8. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்கள் எங்கள் முன்னறைக்குத் தேநீருக்கு வருவது வழக்கம். மின்வேலை செய்பவர், பாடகர் குழுத் தலைவர், சைக்கிள் பழுதுபார்ப்பவர், கல்லறைக்குப் புல் வெட்டுபவர் எல்லாரும் வருவார்கள். எல்லாரும் நல்லவர்கள், என் கையால் குடித்தவர்கள். இப்போது கோப்பையை நீட்டும்போது ஒவ்வொருவர் கையையும் பார்க்கிறேன். யாராவது தொண்டையைச் செருமினால் தொலைபேசிக் குரலோ என்று திரும்பிப் பார்க்கிறேன். தம்பி எல்லாரிடமும் ஒரே மாதிரி சிரிக்கிறார். எதிரே நிற்பவர் யார் என்று அந்தச் சிரிப்பிலிருந்து கூடப் பிறந்த எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. இதையெல்லாம் நான் போய் யாரிடம் சொல்லி அழுவது? சொந்தத் தம்பியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வெட்கப்பட்டு, பேருந்து ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறவள் நான். சமையலறையில் அவரைத் திட்டியதை அவரிடமே எப்படிச் சொல்வது?

9. தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் எழுதினேன். ஒரு பெண் தொலைபேசியில் மிக மரியாதையாகப் பேசினார். “இது வெறும் கதைதானேம்மா, கற்பனைன்னு முதல்லயே போட்டுடறோமே” என்றார். போடுகிறார்கள், கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் போய்விடுகிறது. “பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்மா, ரிமோட் உங்க கையிலதானே இருக்கு” என்றும் சொன்னார். என் வீட்டு ரிமோட் என் கையில்தான் இருக்கிறது. தொலைபேசியில் மிரட்டும் அந்த ஆள் வீட்டு ரிமோட் என் கையில் இல்லையே என்றேன். அவருக்குப் புரியவில்லை, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே நான் தங்களிடம் கேட்பது இவ்வளவே. முன்னோட்டத்தில் காட்டிய அந்தக் காட்சி திங்கட்கிழமை ஒளிபரப்பாவதைத் தாங்கள் நிறுத்திவைக்க வேண்டும். இனிமேல் பாவசங்கீர்த்தனத்தைக் காட்டுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதும்படி உத்தரவிட வேண்டும். இம்மனுவைக் காவல்துறைக்கு அனுப்புவதானால், எங்கள் தெருவுக்கு ஒரு காவலரை அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் என் தம்பியிடம் பெயர் கேட்க வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

இவற்றில் எதுவும் முடியாது என்றால் ஒன்றை மட்டுமாவது செய்ய வேண்டும். நாளை சனிக்கிழமை. தம்பி வழக்கம்போல் மாலையில் போய் அந்தத் தொட்டியில் உட்காருவார். அறுந்த திரையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். நான் வரிசைக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாராவது எழுந்து உள்ளே போனால், அவர் வெளியே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தங்களால் முடியும். தொடருக்கு முன், பெரிய எழுத்தில், நிறுத்தி நிதானமாக, கண் தெரியாதவர்களுக்கும் கேட்கும்படி குரல் கொடுத்து, கத்தோலிக்கச் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் செத்தாலும் வெளியே சொல்லமாட்டார் என்று ஒரே ஒரு வரி போடச் சொல்லுங்கள். என் தம்பி சொல்லமாட்டான் ஐயா. அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். அதை இந்த ஊரில் ஒரே ஒருவர் நம்பினால் போதும், அவன் உயிரோடு இருப்பான். அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியாததால், எல்லாருக்கும் சொல்லும்படி தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
பங்குச் சாமியாரின் அக்காள்

இடம்: சாமியார் வீடு, கோயில் தெரு
நாள்: வெள்ளிக்கிழமை