அக்காவுக்காகப் பிந்திய பூசை

வெள்ளிக்கிழமை, கீரிக் கிராமம்

குஞ்சன், இன்று உன்னுடைய முதலாம் ஆண்டுப் பூசை முடிந்தது. நீ செத்த நாள் செவ்வாயோடு போய்விட்டது. விமானத்தில் வேலை செய்கிற உன் அக்காவுக்கு இன்றுதான் லீவு என்றபடியால், பங்குச் சுவாமியிடம் கெஞ்சிப் பூசையை மாற்றினேன்.

நேற்றுப் பின்னேரம், பஸ் ஏற வேண்டியவள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"அம்மா, டியூட்டி ரோஸ்டரை மாத்திப்போட்டாங்கள். டுபாய்க்குப் போறன்."

"தம்பியின்ர பூசை எண்டு சொல்லன் பிள்ளை."

"சொன்னனான். கொன்ராக்ட் முடியிற நேரம், மறுத்தா புதுசு தரமாட்டாங்களாம். அழ வைக்காதேங்கோ அம்மா, மேக்கப் போட்டிட்டன்."

பூசையில் தனியாகத்தான் இருந்தேன். களைத்துப்போனேன், மகன். செவ்வாய்க்கிழமை நான் கோயில் பக்கமே போகவில்லை. அன்று முழுக்க எங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்தாயா?