இடது காது

அக்கா,

கடற்காற்று அடிக்கும் மாதங்களில் என் மேசையில் தாள்கள் நிற்பதில்லை. இன்று காலையும் ஜன்னலைத் திறந்ததும் பறக்கப் பார்த்தன. நீங்கள் கொடுத்த சிமெண்டுக் காதை எடுத்து மேலே வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைச் சங்கு என்று நினைத்துத்தான் கையில் எடுப்பார்கள். இராமநாதபுரத்தில் அப்படி நினைப்பது இயல்பு. திருப்பிப் பார்த்ததும் காது என்று தெரியும். சட்டென்று கீழே வைத்துவிடுவார்கள்.

வறண்டுபோன கண்மாயைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத, கமுதிச் சாலையில் உங்கள் ஊருக்கு வந்தபோதுதான் உங்களைப் பார்த்தேன். சாலை வளைவில், உங்கள் மிளகாய்க் கொல்லையின் ஓரத்தில், சிமெண்டில் ஒரு நாய் படுத்திருந்தது. இரண்டு ஆடுகள் முட்டிக்கொண்டிருந்தன. தலையில் கலவைச் சட்டியோடு ஒரு பெண் நின்றாள். வேப்பமரத்தடியில் ஒருவர், கையில் பூச்சுக்கரண்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தூக்குவாளியைத் திறந்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"உக்காருங்க தம்பி. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றீர்கள். சட்டி சுமந்த அந்தப் பெண்ணை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது நாந்தேன். நெசத்துல எனக்கு இவ்வளவு கழுத்து கெடையாது."

உங்கள் கணவர் கொத்தனார், நீங்கள் சித்தாள். இராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டும் இடத்தில் சாரம் சரிந்து அவர் இறந்தபோது நீங்கள் கீழே மணல் சலித்துக்கொண்டிருந்தீர்கள். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. யாரும் சொல்லித் தராமல் கம்பியை வளைத்துக் கோழிவலை சுற்றி, கலவையை அப்பி, தேக்கரண்டியால் கண்ணைத் தோண்டி, நாயிலிருந்து ஆரம்பித்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் வந்து சேர்ந்தீர்கள். அவருக்குப் படம் எடுப்பது பிடிக்காது. இருந்த ஒரே கல்யாணப் படமும் கூரை ஒழுகி நைந்துபோயிருந்தது. எல்லாம் நினைவிலிருந்து செய்ததுதான். நான் கேமராவை எடுத்தபோதும், "அவருக்கு ஆகாது தம்பி, என்னைய வேணா எடுங்க" என்றீர்கள்.

"மூக்கு வந்துருச்சு, வாயி வந்துருச்சு, இந்தக் காதுதேன் வரமாட்டேன்னுச்சு." எப்போதும் பென்சில் செருகியே அவருடைய இடது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்குமாம். அந்தத் தள்ளல் வருவதற்காக எத்தனையோ காதுகள் செய்து உடைத்தீர்கள். சரியாக வந்த முதல் காது கன்னத்தின் ஒரு துண்டோடு பெயர்ந்துவிட்டதாம்; அதைத்தான் என் கையில் கொடுத்தீர்கள். "நீங்கதேன ஊருல உள்ளவுக சொல்றதையெல்லாம் கேக்குறீக. வச்சுக்கங்க."

அப்புறம் அந்த வேன். மாலை மசங்கலில் உங்கள் வளைவில் கவிழ்ந்தது. உள்ளே ஒரு கல்யாண வீட்டார் முழுக்க இருந்தும் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. வெளியே வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவர். ஓட்டுநர் தன் வண்டியின் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். மறுவாரம் லாரிகள் நின்றன. எலுமிச்சை வந்தது, சூடம் வந்தது, பிறகு பீடம் எழும்பியது. மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு நீங்கள் திரும்பியபோது பூச்சுக்கரண்டி அரிவாளாக நீண்டிருந்தது. உருண்ட கண்களும், காதுவரை முறுக்கிய சிமெண்டு மீசையும் சுற்றிலும் கம்பிக் கிரில்லுமாக அவர் உட்கார்ந்திருந்தார். பூட்டும் தொங்கியது.

நீங்கள் கூப்பிட்டு நான் வந்தபோது ஊர்த் தலைவர் எதிரே நின்றார். நல்ல மனிதர். உங்களைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார்.

"கோவிச்சா எப்படி மதினி? அண்ணன் சாமியாயிட்டாரு. எத்தன பொம்பளைக்கு இது வாய்க்கும்?"

"எனக்குச் சாமி வேணாமய்யா. பக்கத்துல உக்காந்து சோறு திங்க ஆளு வேணும்."

"சாமி பக்கத்துல எச்சக் கையோட உக்காரலாமா?"

"மீசை வச்சா மூக்கு அரிக்குதும்பாரு, அந்த மனுசன். அவரு மொகத்துல போயி..." அதற்குள் மொட்டையடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்து கும்பிட்டாள். நீங்கள்தான் வழிவிட்டு நகர்ந்தீர்கள்.

அதற்குப் பிறகு நான் வரும்போதெல்லாம் கிரில்லின் இடப்பக்கம் நிற்பீர்கள். சந்நிதிக்கு நேரே நிற்கக்கூடப் பணிவு தடுக்கிறது என்று வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் நின்றால்தான் மாலைக்கும் மீசைக்கும் நடுவே காது தெரியும். வண்ணம் தீட்டியவர் அதைத் தொடவில்லை. "காது மட்டும் அவருது" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

வேறொன்று செய்யலாமே என்று கேட்டேன். கொல்லைக்குள், யார் கண்ணிலும் படாமல்.

"கம்பி கட்டுனேன் தம்பி. கலவையும் போட்டேன். மூஞ்சிக்கு வந்ததும் கை நின்னுபோச்சு. தெனமும் இந்த மொகத்தையே பாக்குறேன்ல. இப்பக் கண்ண மூடுனா எனக்கே அவரு மீசையோடதேன் வாராரு."

முகமில்லாத அந்தக் கம்பிக்கூடு இன்னும் உங்கள் கொல்லையில் நிற்கிறது. அவரை இரண்டாம் முறை நீங்கள் இழந்தது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

போன வருடம் அவருக்குப் பித்தளைக் கவசம் சாத்தினார்கள். தலையிலிருந்து தோள்வரை ஒரே வார்ப்பு. காதும் உள்ளே போனது. அதன் பிறகு நீங்கள் அந்தப் பக்கம் வந்து நிற்பதில்லை என்று உங்கள் மகள் சொன்னாள். மழைக்காலம் வருமுன் போய்விட்டீர்கள்.

அடக்கத்துக்கு வந்தபோது காதையும் பையில் எடுத்து வந்தேன். எல்லோரும் கலைந்த பிறகு, மண்மேட்டின் மேல் வைக்கலாமா என்று உங்கள் மகளிடம் கேட்டேன். அவள் அதை வாங்கி, பென்சில் செருகும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு.

"வேணாம் மாமா. இங்கன வச்சா நாளைக்கே இதுக்கும் பொட்டு வச்சுருவாக. உங்ககிட்டயே இருக்கட்டும்."

இருக்கிறது, அக்கா. எழுதி முடித்ததும் என் பென்சிலை அதன் மேல்விளிம்புக்குப் பின்னால் செருகி வைக்கிறேன். விழாமல் நிற்கிறது.