கூண்டு ஏறினால் பரளச்சிக்கு ஒரு போன்

உப்புக்காற்றிலேயே தலை நரைத்துப்போன என் அண்ணனுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீ இருக்கிற இடத்தில் கடல் இருக்கிறதா? இல்லாவிட்டால் உனக்குப் பொழுதே போகாதே.

ஊர்ச் சேதி சொல்கிறேன். காற்றாடி இறக்கையை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போன லாரி ஒன்று, போன வாரம் பந்தல்குடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. தலை டீக்கடையில், வால் உரக்கடையில். "எங்கண்ணன் வேல பாத்த ஆர்பருக்குத்தான் போகுது" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத நீ, கடலைக் காவல் காக்கப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். ஒருதரம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாயே. கடலுக்குள் இரண்டு கையை நீட்டினாற்போலக் கல்லைக் கொட்டிக் கட்டிய சுவர். அதற்கு நடுவில் வாசல். "முன்னயெல்லாம் கப்பல் கரைக்கே வராது தாயி. ஆழம் பத்தாது. தூரமா நிக்கும், தோணிதான் போயி லோடு ஏத்தி எறக்கும்" என்றாய். இலங்கையைச் சுற்றிப் போகிற உலகத்துக் கப்பலெல்லாம் நமக்குக் கூப்பிடு தூரம், அதனால்தான் இந்தத் துறைமுகத்துக்கு இவ்வளவு மவுசு என்றும் சொன்னாய். அப்போது ஒரு கப்பல் வந்தது. துறைமுகத்திலிருந்து படகில் போன பைலட் ஒருத்தர் கயிற்று ஏணியில் ஏறி, அதற்கு வழி சொல்லி உள்ளே கூட்டிவந்தார்.

"இம்புட்டுப் பெரிய கப்பலுக்கு வழி தெரியாதாக்கும்?" என்றேன்.

"கடல் தெரியும். எங்க வாசல்தான் தெரியாது."

உனக்கு வேலை சிக்னல் கோபுரத்தில். புயல் கிளம்பினால் கப்பல்களுக்குத் தெரியும்படி கம்பத்தில் கூண்டு ஏற்ற வேண்டும். கடல்காரர்களுக்குக் கூண்டு என்றால் பயம். நமக்கு அது மழை. டி.வி.யில் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் போன் வரும்: "கூண்டு ஏத்தியாச்சு தாயி." எத்தனாம் நம்பர் என்று கேட்பேன். மூன்று என்றால் ஈரத்துக்குக் காத்திருக்காமல் புழுதியிலேயே விதைத்துவிடுவேன். என்னைப் பார்த்துப் பாதி ஊரும் விதைக்கும். "ஏ புள்ள, கூண்டு கப்பலுக்கு. உன் காட்டுக்கு இல்ல" என்று நீ தலைபாடாக அடித்துக்கொள்வாய். யார் கேட்டோம்?

மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில்தான் வினை வந்தது. கூண்டு ஏறியது, உளுந்தைக் காடு முழுக்க விதைத்தேன். புயல் வடக்கே திரும்பிவிட்டது. நமக்கு ஒரு தூற்றல் மட்டும் போட்டது. அதை நம்பி முளைத்ததெல்லாம் ஒரே வாரத்தில் கருகியது. உனக்குப் போன் போட்டு என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "உன் கூண்ட நம்பி என் வெத போச்சு. இனிமே இந்தச் சோலிக்கு எனக்குப் போன் போடாத."

நீ "சரி தாயி" என்றாய். அதோடு சரி.

பிறகு நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டோம், பேசினோம். ஆனால் இரண்டு மழைக்காலம் கூண்டு ஏறியதை நான் டி.வி.யில்தான் பார்த்தேன். வாய்க்கொழுப்பு என்னுடையது, வீம்பும் என்னுடையது. மன்னிச்சிரு என்று சொல்ல அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ மார்கழியிலேயே போய்விட்டாய்.

முந்தாநாள் புது நம்பரிலிருந்து ஒரு போன். "பரளச்சி ராசாத்தி அக்காவா? நான் ஜெசிந்தா. அண்ணாச்சிகூட சிக்னல்ல வேல பாத்தவ. மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சுக்கா."

உன்னை யாரம்மா சொல்லச் சொன்னது என்றேன்.

"அண்ணாச்சிதான். ஆஸ்பத்திரியில படுத்திருக்கையில சொன்னாக. நான் கூப்பிட்டா கோவிச்சுக்கிருவா, நீ கூப்பிட்டா கோவிக்க மாட்டான்னாக. மழைக்கு நாம பொறுப்பில்லன்னு மொதல்லயே சொல்லிரச் சொன்னாக."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் அந்தப் பிள்ளை பயந்துபோனாள்.

கூண்டு ஏறிவிட்டால் நீங்கள் யாரும் கோபுரத்தை விட்டு இறங்க மாட்டீர்களாமே, அவள்தான் சொன்னாள். நான் உன்னை ஏசக் காரணமான அந்தப் புயலுக்கு நீ இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லையாம். காய்ச்சலோடு நின்றாயாம். ஏன் அண்ணே அப்போதே சொல்லவில்லை? சொன்னால் மட்டும் கேட்டிருப்பேனா?

"போன தடவ பட்டது பத்தாதா?" என்றார் உன் மச்சான். நான் கேட்கவில்லை. விதைக்கு வைத்திருந்ததை முழுக்க நேற்றே விதைத்துவிட்டேன். இதை எழுதும்போது தெற்கே மேகம் கூடி நிற்கிறது. இன்னும் ஒரு சொட்டு விழவில்லை.

விழாவிட்டாலும் போகட்டும். இனி ஜெசிந்தா கூப்பிடும்போதெல்லாம் எத்தனாம் நம்பர் என்று முதலில் கேட்க மாட்டேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். உன்னிடம் ஒருநாளும் கேட்காமல் விட்டேன், அண்ணே.

காட்டை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும்
உன் தங்கச்சி ராசாத்தி
பரளச்சி